பிரேக் பெடல் உறுதியானால் போதுமா?

இறைவன் அருளால் இன்று நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில் கார் இருக்கிறது. கல்யாண வீடு, மய்யித் வீடு, மருத்துவமனை, பிள்ளைகளின் கல்லூரி என எங்கு சென்றாலும் குடும்பம் முழுவதும் அதில் ஏறிச் செல்கிறது. கார் வந்த பின் அதனைச் சீர்படுத்தும் ஆர்வமும் வீட்டு இளைஞர்களுக்கு வந்து விடுகிறது. அந்த ஆர்வத்தில் செய்யப்படும் மாற்றங்களுள் ஒன்று, பிரேக் ஹோஸ்களை மாற்றுவது. கம்பெனியில் பொருத்திய ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிவிட்டு, எஃகுக் கம்பி வலை பின்னிய ஹோஸ்களைப் பொருத்துகிறார்கள். "பெடல் கல் போல நிற்கிறது, இனி அச்சமில்லை" என்று மகிழ்கிறார்கள்.

இம்மகிழ்ச்சியில் ஒரு பகுதி நியாயமானது. மற்றொரு பகுதி ஆபத்தானது. பெடலின் உறுதி ஒன்று, வண்டி நிற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் தம்மையும் பிறரையும் துன்பத்தில் ஆழ்த்தி விடலாம். ஆகவே இதன் உண்மை நிலையை நம் குடும்பத்தினர் அறிந்திருப்பது நலம்.

காலிலிருந்து சக்கரம் வரை

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கிய விதி இது. நம் கார்களின் பிரேக் இவ்விதியின் மீதே அமைந்துள்ளது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார், நான்கு சக்கரங்களுக்கும் இத்தகைய திரவ பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது.

நாம் பெடலை மிதிக்கும் விசையை, பெடலின் நெம்புகோல் அமைப்பு பல மடங்காக்குகிறது. பூஸ்டர் அதனை மேலும் பெருக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் இரும்புக் குழாய் வழியே சென்று சக்கரத்தை அடைகிறது. ஆனால் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். எல்லாச் சக்கரங்களும் மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்க வேண்டும். எனவே கடைசி ஓர் அடி அளவிற்கு வளையும் ஹோஸ் தேவைப்படுகிறது. நாம் பேசும் மாற்றம் இந்த ஓர் அடியில்தான் நிகழ்கிறது.

ரப்பர் எவ்வளவு விரிகிறது?

பலமாக பிரேக் பிடிக்கும்போது குழாயினுள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டையும் தாண்டும். அப்போது ரப்பர் ஹோஸ் சிறிதளவு உப்பும். அமெரிக்க அரசின் தரவிதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106, இந்த உப்பலுக்கு எல்லை வகுத்துள்ளது. கால் அங்குலத்தில் பாதி உள்விட்டம் கொண்ட சாதாரண வகை ஹோஸ், 1000 பவுண்டு அழுத்தத்தில், அடி ஒன்றுக்கு 0.66 கன சென்டிமீட்டருக்கு மேல் விரியக்கூடாது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். காரில் மொத்தம் 3 அடி ஹோஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்கு அவை விரிந்தால், ஏறத்தாழ 2 கன சென்டிமீட்டர் ஆயில் அந்த விரிவை நிரப்புவதற்கே சென்று விடும். இது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. ஆயினும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், பிஸ்டன் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் 4 மடங்கு என்றால், நம் கால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கும். இது உச்ச வரம்பு. நல்ல நிலையில் உள்ள புதிய ரப்பர் ஹோஸ் இதனைவிடக் குறைவாகவே விரியும்.

புதிய வகை ஹோஸின் உட்குழாய் பி.டி.எஃப்.இ. என்னும் பொருளால் ஆனது. நம் அடுக்களையில் ஒட்டாத தோசைக்கல்லின் மீது பூசப்படும் டெஃப்லான் இதுவே. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர் இதனைக் கண்டறிந்தார். அதன்மீது எஃகுக் கம்பி வலை இறுகப் பின்னப்பட்டிருப்பதால் அது மிகக் குறைவாகவே உப்பும். எனவே பெடல் குறைவாக இறங்குகிறது. கால் கொடுக்கும் அழுத்தத்திற்கு ஏற்ப பிரேக் பதில் சொல்வது தெளிவாகத் தெரிகிறது. அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிதாகிறது. இம்மாற்றத்தால் கிடைக்கும் உண்மையான நன்மை இதுதான்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுப் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறோம். அத்துடன் பழைய ஆயிலும் போய்ப் புதிய ஆயில் வருகிறது. அதனால் கிடைக்கும் முன்னேற்றம் முழுவதையும் எஃகு வலையின் கணக்கில் எழுதிவிடுவது சரியன்று. கம்பெனி ரப்பர் ஹோஸையே புதிதாகப் போட்டிருந்தாலும் அதில் பெரும் பங்கு கிடைத்திருக்கும். வசதி குறைந்த குடும்பத்தினர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

உள்ளே தங்கும் காற்று

ஹோஸைக் கழற்றியவுடன் குழாயினுள் காற்று புகுந்து விடும். அதனை முழுவதும் வெளியேற்றுவதே இவ்வேலையின் உயிர்நாடி. ஆயில் அழுத்தத்திற்கு எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். 1000 பவுண்டு அழுத்தத்தில் காற்றின் கன அளவு ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகி விடும். அதாவது, 2 கன சென்டிமீட்டர் காற்று உள்ளே தங்கினால், அந்த 2 கன சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட முழுமையாகவே அமுங்கிப் போகும். விலை உயர்ந்த ஹோஸ் மீட்டுத் தந்த ஓர் அங்குலத்தைக் கவனக்குறைவால் தங்கிய காற்று திரும்ப எடுத்துக் கொள்ளும். புதிய ஹோஸ் போட்ட பின் பெடல் முன்பைவிடப் பஞ்சு போல அமுங்குகிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்தக் காற்றைத்தான்.

ஏர் எடுக்கும் வேலையை இருவர் சேர்ந்து செய்வது வழக்கம். வாப்பா பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மகன் சக்கரத்தருகே ப்ளீடர் திருகைத் திறந்து, குமிழிகளுடன் ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். மேலே உள்ள ஆயில் டப்பா எந்நேரமும் வற்றக் கூடாது. வெளியே வந்த ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில், அதன் அறையில் தங்கிய காற்றை வெளியேற்ற மின்னணுக் கருவியும் தேவைப்படும். அத்தகைய கார்களை, கருவி வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுப்பதே அறிவுடைமை.

பெடல் சொல்லும் செய்தி

பெடலின் உணர்வைக் கொண்டு கோளாறைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். மிதித்த தொடக்கத்திலேயே பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால் உறுதியானால், உள்ளே காற்று இருக்கலாம். பஞ்சுத் தன்மை இல்லாமல், ஆனால் வெகுதூரம் இறங்கிய பிறகே பிடித்தால், பின்சக்கர டிரம்மில் ஷூ சரிசெய்யப்படாமல் இருக்கலாம். ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கொண்டே போனால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

கல் போன்ற பெடல் எல்லாமே நலம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பூஸ்டர் வேலை செய்யாவிட்டாலும் பெடல் கடினமாகும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பலமுறை மிதித்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த உறுதி ஹோஸால் வந்ததன்று. பூஸ்டரின் பழுதால் வந்தது.

பொருத்துவதில் கவனம்

மேற்சொன்ன தரவிதியின்படி, ஹோஸ் 4000 பவுண்டு அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும். வளைத்துச் சுழற்றும் இயந்திரத்தில் 35 மணி நேரம் ஓடியும் பிளவுபடக் கூடாது. தரம் குறித்த அடையாளம் ஏதுமில்லாத மலிவான ஹோஸை வாங்கிக் குடும்பத்தின் உயிரை அதில் தொங்கவிடுவது சிக்கனம் ஆகாது.

நீளம் அந்தக் காருக்கு உரியதாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்த்து, ஹோஸ் இழுபடவில்லை, முறுக்கிக் கொள்ளவில்லை, டயரிலோ கம்பியிலோ உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். செம்பு வாஷர்களைப் புதிதாகவே போட வேண்டும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். எஃகு வலைக்குள் உட்குழாய் நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. ஆதலால் இதனை மடித்து வளைக்கக் கூடாது.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தாமலே பெடலைப் பலமாக அரை நிமிடம் மிதித்துப் பிடித்து, இணைப்புகளில் கசிவு உண்டா என்று மற்றொருவர் பார்க்க வேண்டும். அதன் பின் ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்கு வர வேண்டும்.

வண்டியை நிறுத்துவது எது?

இங்கேதான் நம் இளைஞர்கள் ஏமாந்து விடுகிறார்கள். முடிவாக வண்டியை நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பே. பழைய ஹோஸுடனேயே ஏ.பி.எஸ். இயங்கும் அளவுக்கு பிரேக் பிடித்ததென்றால், புதிய ஹோஸ் அந்தப் பிடிப்பைக் கூட்டிவிடாது. பெடல் குறைவாக இறங்குவதால் மிச்சமாவது வினாடியில் மிகச் சிறிய பகுதியே.

காய்ந்த சாலையில், நல்ல டயருடன், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்த பின் நிற்க ஏறத்தாழ 35 மீட்டர் தேவை. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 55 மீட்டர் ஆகும். பெடல் தந்த தைரியத்தில் 20 கிலோமீட்டர் வேகம் கூட்டியவர், 20 மீட்டர் தூரத்தை இழக்கிறார். எந்த ஹோஸும் அதனைத் திருப்பித் தராது.

மலைச்சாலையில் இறங்கும்போதும் இவ்வாறே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகி, கல் போல இருந்த பெடல் தரை வரை போய்விடக் கூடும். குறைந்த கியரில் இறங்குவதும், உரிய காலத்தில் ஆயிலை மாற்றுவதுமே இதற்குக் காப்பு.

பிறர் உயிரும் அமானத்தே

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஹோஸை மாற்றியதோடு கட்டிவிட்டதாக எண்ணாமல், முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் கட்டுவதில் சேர்ந்ததே.

சாலையில் நடப்பவருக்கும் நம் மீது ஹக் உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் மார்க்கம் அதனை வெறும் விபத்தென்று விட்டுவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்தாருக்கு தியத் உண்டு. அதனுடன் கஃப்பாராவும் உண்டு. அடிமையை விடுதலை செய்ய இயலாத நிலையில், தொடர்ச்சியாக இரண்டு மாதம் நோன்பு நோற்பதே அது. ஒரு முஃமினின் கால் பெடலின் மீது இருக்கும்போது இந்தப் பொறுப்பும் அவருடன் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் யாரேனும் பிரேக்கில் மாற்றம் செய்தால், அந்தக் காரை ஓட்டும் மற்றவர்களுக்கும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் பிடிக்கும் பெடலைப் பழைய பழக்கத்தில் மிதிக்கும் மனைவியோ தம்பியோ, எதிர்பாராத திடீர் பிரேக்கால் தடுமாறலாம். முதலில் சிறிது தூரம் அவர்களை அமைதியான சாலையில் ஓட்டிப் பழகச் செய்யுங்கள். வேகத்தை மட்டும் முன்பிருந்த அளவிலேயே வைத்துக் கொள்ளுங்கள். உறுதியான பெடல் அப்போது நமக்கு உண்மையிலேயே பயன் தரும், இன்ஷா அல்லாஹ்.