மண்ணுக்குள் ஒரு மின்பாதை

நுழையும்முன்

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. அந்த ஒளிக்குரிய மின்சாரம் எவ்வழியே வந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெருநகரங்களில் அது நம் காலடி மண்ணின் கீழே பயணம் செய்து வீட்டை அடைகிறது. கண்ணுக்குப் புலப்படாத அப்பாதையில் பணிபுரியும் தொழிலாளர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வானிலிருந்து மண்ணுக்கு

1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசன் அமைத்த மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்கடத்திகளைக் கம்பங்களில் கட்டாமல் தெருவுக்கு அடியில் பதித்தார் எடிசன். செம்புத் தண்டுகளை இரும்புக் குழாய்களுக்குள் வைத்து, இடைவெளியை மின்காப்புக் கலவையால் நிரப்பி, இருபது அடி நீளத் துண்டுகளாக ஒன்றோடொன்று இணைத்தனர். அதே நகரில் தந்தி, தொலைபேசி, தெருவிளக்கு ஆகியவற்றுக்கான கம்பிகள் தலைக்குமேல் வலைபோலப் பின்னிக் கிடந்தன. 1888 மார்ச் மாதம் வீசிய பனிப்புயல் அக்கம்பிகளை அறுத்து வீழ்த்தியது.

அடுத்த ஆண்டு அக்டோபரில், அந்நகரின் கம்பத்தில் ஏறி வேலைசெய்த கம்பியாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி, பட்டப்பகலில் மக்கள் கண்ணெதிரே உயிரிழந்தார். அவர் தொட்டது ஆபத்தற்றது எனக் கருதப்பட்ட தந்திக் கம்பி. அக்கம்பி வேறோரிடத்தில் உயர் மின்னழுத்தக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. அதனை அவர் அறிய வழியில்லை. இந்நிகழ்வுக்குப்பின் கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுசெல்லும் பணி அந்நகரில் விரைவுபெற்றது.

தமிழ்நாட்டிலும் இதன் தேவை உணரப்பட்டுள்ளது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. புயலால் அடிக்கடி பாதிக்கப்படும் கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் மின்கம்பிகளைப் புதைவடங்களாக மாற்றும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன.

மண்ணுக்குள் சென்ற மின்பாதை காற்றிலிருந்து தப்பியது. அதே வேளையில், அது தொழிலாளியின் கண்ணிலிருந்தும் மறைந்தது. கம்பத்தில் அறுந்து தொங்கும் கம்பி தன் பழுதைத் தானே காட்டிவிடும். புதைந்த வடம் எதையும் காட்டாது. மின்சாரம் இல்லை என்று எண்ணுவது வேறு, இல்லை என்று உறுதிசெய்வது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் பதியவைப்பதே புதைவடப் பயிற்சியின் அடிப்படை நோக்கமாகும்.

புதைவடத்தின் அமைப்பு

பயிற்சியின் முதற்பாடம் வடத்தின் குறுக்குவெட்டிலிருந்து தொடங்குகிறது. நடுவில் அலுமினியம் அல்லது செம்பாலான கடத்தி அமைந்திருக்கும். அதனைச் சூழ்ந்து மெல்லிய குறைகடத்தும் அடுக்கு ஒன்றும், அதன்மேல் தடித்த மின்காப்பு அடுக்கும், மீண்டும் ஒரு குறைகடத்தும் அடுக்கும் இருக்கும். அவற்றுக்கு மேலே செம்புப் பட்டை, எஃகுக் கவசம், வெளியுறை ஆகியன அமையும். முற்காலத்தில் எண்ணெயில் ஊறிய தாள் மின்காப்பாகப் பயன்பட்டது. இன்று பாலிஎத்திலீன் வகை நெகிழி அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

11 கிலோவோல்ட் வடத்தை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிப்பது இந்தியத் தர நடைமுறையாகும். அடியில் மணற்படுகை, மேலே செங்கல் அல்லது கற்காரை மூடி, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா என வடத்திற்குப் பாதுகாப்பு அமைக்கப்படுகிறது. பின்னொரு நாள் குடிநீர்க் குழாய்க்காக அவ்விடத்தைத் தோண்டுபவரின் உயிரைக் காப்பதும் அந்த நாடாவே.

இணைப்பு என்னும் நுண்தொழில்

வடத்தின் துண்டுகளை இணைக்கும் இடமே புதைவட அமைப்பின் மென்மையான பகுதியாகும். இணைப்பவர் ஒவ்வோர் அடுக்கையும் உரிய அளவில் சீவி நீக்குதல் வேண்டும். அப்போது கத்தியின் முனை மின்காப்பில் ஒரு சிறு கீறலை ஏற்படுத்தினாலும், வியர்வைத் துளியோ தூசியோ உள்ளே தங்கினாலும், அவ்விடத்தில் நுண்ணிய மின்னிறக்கம் தோன்றும். அது சிறிது சிறிதாக மின்காப்பை அரித்து, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வடத்தைப் பழுதாக்கும். பிழை செய்த நாளுக்கும் அது வெளிப்படும் நாளுக்கும் இடையே இத்துணைக் காலம் இருப்பதால், மேற்பார்வையாளர் இல்லாத இடத்திலும் தூய்மையாகப் பணிசெய்யும் மனப்பழக்கம் இத்தொழிலுக்கு இன்றியமையாதது. பயிற்சி நிலையத்தில் மாணவர் செய்த இணைப்பை அறுத்துப் பிரித்து, உள்ளே உள்ள குறைகளை அவருக்கே காட்டுவது சிறந்த கற்பித்தல் முறையாகும்.

உறுதிசெய்த பின்னரே தொடுதல்

பழுதுநீக்கும் பணியில் ஐந்து படிநிலைகள் வரிசை மாறாமல் பின்பற்றப்படுகின்றன. முதலாவது, மின்சாரம் வரக்கூடிய எல்லாப் பக்கங்களிலும் இணைப்பைத் துண்டித்தல். நகரப் புதைவடங்கள் பெரும்பாலும் வளைய அமைப்பில் இருப்பதால், ஒரு முனையை நிறுத்தினாலும் மறுமுனையிலிருந்து மின்சாரம் வரக்கூடும். இரண்டாவது, பிறர் தவறுதலாக மீண்டும் இயக்காதபடி பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டுதல். மூன்றாவது, மின்னழுத்தம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்தல். அச்சோதனைக்கு முன்னும் பின்னும் கருவி சரியாக இயங்குகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பழுதான கருவி சொல்லும் ‘இல்லை’ என்னும் விடை உயிருக்கு உலையாகும்.

நான்காவது, புவி இணைப்புச் செய்தல். கடத்தி, மின்காப்பு, செம்புப் பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து வடத்தை ஒரு நீண்ட மின்தேக்கியாக ஆக்குகின்றன. ஆகவே, மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனை இறக்குதண்டின் வழியே புவிக்குள் செலுத்திய பின்னரே புவி இணைப்பை நிலைப்படுத்துவர். ஐந்தாவது, அருகில் மின்சாரம் பாயும் ஏனைய பகுதிகளைத் தடுப்புகளால் மறைத்தல்.

இவை முடிந்து, பொறுப்பாளர் எழுத்துவடிவில் பணி அனுமதி வழங்கிய பின்னரும் ஓர் ஐயம் எஞ்சும். ஒரே பள்ளத்தில் பல வடங்கள் அருகருகே கிடக்கும். தோற்றத்தால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. பழைய வரைபடமும் பிழைபடலாம். எனவே, குறிகை அனுப்பி உரிய வடத்தை இனங்காண்பர். பின்னர்த் தொலைவில் நின்றே கூரிய எஃகு ஆணியை வடத்திற்குள் செலுத்தும் கருவியை இயக்கி, அது மின்னோட்டமற்றது என்பதை மெய்ப்பித்த பின்னரே கைக்கருவியால் அறுப்பர்.

தெரிந்து தெளிவோம்

புதைந்த வடத்தின் பழுதை எதிரொலி முறையில் கண்டறியலாம். வடத்தின் ஒரு முனையில் செலுத்தப்படும் மின்துடிப்பு, பழுதான இடத்தில் மோதித் திரும்பும். வடத்தில் துடிப்பின் வேகம் மைக்ரோ விநாடிக்கு 160 மீட்டர் எனவும், அது சென்று திரும்ப 10 மைக்ரோ விநாடி ஆகிறது எனவும் கொள்வோம். மொத்தத் தொலைவு 1600 மீட்டர். பழுது அதில் பாதியாகிய 800 மீட்டரில் உள்ளது. பின்னர் உயர் மின்னழுத்தத் துடிப்புகளை வடத்தில் செலுத்தி, பழுதிலிருந்து எழும் ஒலியை அவ்விடத்தருகே நிலத்தின் மேல் வைத்த ஒலிவாங்கியால் கேட்டு, தோண்ட வேண்டிய இடத்தை முடிவுசெய்வர்.

குழிக்குள் இறங்கும் முன்

சில நகரங்களில் வட இணைப்புகள் ஆள்நுழைவுக் குழிகளுக்குள் அமைந்துள்ளன. அங்கு மின்சாரத்தோடு காற்றும் பகையாகலாம். அருகிலுள்ள கழிவுநீர்ப் பாதையிலிருந்து மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியன கசிந்து தேங்கக்கூடும். ஆக்சிஜன் அளவு 19.5 விழுக்காட்டிற்குக் குறைவாயின் உள்ளே இறங்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் கருவியால் காற்றைச் சோதிப்பதும், விசிறியால் புதுக்காற்றைச் செலுத்துவதும், மேலே ஒருவர் இமைகொட்டாமல் காவல் நிற்பதும் கட்டாயமாகும். உள்ளே மயங்கியவரைக் காக்கப் பதற்றத்தில் குதிப்பவரும் உயிரிழக்க நேரிடும். ஆதலால், மேலே இருப்பவர் தாம் இறங்காமல், இறங்கியவரின் பாதுகாப்பு வாரோடு பிணைத்த கயிற்றின் உதவியால் மீட்கப் பயிற்றுவிக்கப்படுகிறார்.

பிழைக்கு இடமளிக்கும் இடம்

‘செய்து கெட்டுக் கற்றல்’ பல தொழில்களில் இயல்பு. புதைவடப் பணியில் அவ்வழி அடைபட்டது. ஆகவேதான் பயிற்சிக் களங்களில் மின்சாரம் பாயாத வடங்கள், மாதிரிக் குழிகள், செயற்கையாக உருவாக்கிய பழுதுகள் ஆகியவை அமைக்கப்படுகின்றன. தொழிலாளி பிழைசெய்யவும், அதன் காரணத்தை ஆராயவும், மீண்டும் செய்து பழகவும் அங்கே இடமுண்டு. களத்திற்குச் சென்ற பின்னும் சில காலம் பட்டறிவுமிக்கவரின் கண்காணிப்பில் பணியாற்றுவர். குறித்த கால இடைவெளியில் மீண்டும் பயிற்சி பெறுவர்.

நள்ளிரவு மழையில், ஒரு தெருவே இருளில் காத்திருக்கும்போது, ‘விரைந்து முடியுங்கள்’ என்னும் குரல்கள் நாற்புறமும் எழும். அந்நேரத்தில் ஐந்து படிநிலைகளுள் ஒன்றையேனும் தாண்டிச்செல்லத் தோன்றும். அவ்வாறு தாண்டாமல் நிற்கும் உறுதியையே பயிற்சி ஒருவருக்குத் தருகிறது. விளக்கெரியச் சற்றுக் காலம் தாழ்ந்தால் எவர் உயிரும் நம் அவசரத்திற்கு விலையாகாது என்பதை, இருளில் காத்திருக்கும் நாமும் உணர்தல் வேண்டும்.