கடல் ஏறி இறங்கும் நேரம் தெரியும். அதில் கரண்ட் எடுக்க முடியுமா?

கம்பைநல்லூரில் இருந்து கடல் 150 கிலோமீட்டருக்கும் மேல். "கடலில் கரண்ட் எடுத்தா நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அனல், நீர், காற்று, சூரிய மின்சாரம் எல்லாம் ஒரே கட்டமைப்பில் கலந்துதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. பொழுது சாய்ந்ததும் சோலார் நின்றுவிடும். சீசன் முடிந்தால் காற்றும் குறையும். அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது?

ஓத மின்சாரம் என்றால் என்ன?

நிலா, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் கடல்மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். காற்றால் எழும் அலை வேறு, இது வேறு. ஏற்றத்தின்போது தடுப்பணைக்குள் நீரைத் தேக்கி, வெளியே கடல் இறங்கியதும் டர்பைன் வழியாகத் திறந்துவிட்டால் மின்சாரம் கிடைக்கும்.

இதன் பலம் என்ன?

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டி குறைவு. பஞ்சாங்கம் மாதிரி பல ஆண்டுகளுக்கு முன்பே கணிக்கலாம். ஆனால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நாம் கேட்கும் நேரத்தில் எல்லாம் வராது. எப்போது வரும் என்று தெரிந்து திட்டமிடலாம், அவ்வளவுதான்.

எங்கே நடக்கிறது?

பிரான்சின் லா ரான்ஸ் நிலையம் (240 மெகாவாட்) 1966 முதலும், தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் (254 மெகாவாட்) 2011 முதலும் இயங்குகின்றன. இந்தியாவில் சுமார் 12,455 மெகாவாட்டுக்கு வாய்ப்பு உண்டு என்பது மதிப்பீடு. இதில் பெரும்பகுதி குஜராத்தின் காம்பே, கட்ச் வளைகுடாக்களில்தான்.

பிறகு ஏன் தாமதம்?

செலவுதான். சுந்தரவனத்தின் துர்காதுவானியில் வெறும் 3.75 மெகாவாட்டுக்கு 238 கோடி ரூபாய், கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட்டுக்கு 750 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. இரண்டு திட்டங்களும் கைவிடப்பட்டன. 2019-ல் மத்திய அரசு ஓத மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று தெளிவுபடுத்தியது.

தமிழ்நாட்டில் வருமா?

காம்பேயில் கடல் 11 மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் கரையில் பொதுவாக ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் தடுப்பணை முறை இங்கே கட்டுப்படியாகாது. நமக்குக் கைகொடுப்பது சேமிப்பு. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் உருவாகிறது. மிச்சமிருக்கும் மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மொட்டை மாடி இருந்தால் பி.எம். சூர்ய கர் திட்டத்தைப் பாருங்கள். 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் பகலிலேயே போட்டுவிடுங்கள். மாலை நேரச் சுமை அந்த அளவுக்குக் குறையும்.