தலைநகரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

பல்லாவரத்துக் குடும்பம் ஒன்று புதுடில்லிக்குச் சுற்றுலா புறப்படுகிறது என்றால், ஆயத்தங்கள் இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்தாயிற்றா, தங்குவதற்கு இடம் கிடைத்ததா, குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை உண்டா, புளிச்சோறு எத்தனை வேளை தாங்கும், ஆக்ராவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். ஆனால், ஊரைச் சுற்றுகின்ற அந்தப் பத்து மணி நேரத்தில் பாட்டியும் அம்மாவும் வயதுக்கு வந்த பெண்ணும் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை மட்டும் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கலாகாது என்று நம் முன்னோர் கூச்சமின்றிச் சொல்லி வைத்தார்கள். குடும்பப் பத்திரிகையில் இப்பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். பிள்ளைகுட்டிகளோடு வெளியூர் சென்று வந்த எந்தத் தாயைக் கேட்டாலும், இது குடும்பப் பேச்சுதான் என்பார்.

நமக்கும் புதுடில்லிக்கும் ஒரு வயதொற்றுமை உண்டு. 1911 டிசம்பர் 12-ஆம் நாள் டில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாற்றப்படும் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்டியபின், 1931 பிப்ரவரியில் புதிய நகரம் திறந்து வைக்கப்பட்டது. அதே 1931-இல், மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து பல்லாவரம் வழியாகத் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்த மின்சார வண்டிகளில் கழிப்பறை கிடையாது. கடற்கரையில் ஏறித் தாம்பரத்தில் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்வார்கள் என்பது அமைத்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. புதுடில்லியை அமைத்தவர்களோ இப்படி ஒரு கணக்கையே போட்டதாகத் தெரியவில்லை.

எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் என்னும் இரு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் வரைந்த நகரம் அது. அவர்கள் அதைக் கண்ணுக்காக வரைந்தார்கள். ரைசினா மேட்டின்மேல் வைசிராயின் மாளிகை. அதன் எதிரே இந்தியா கேட். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்துக்கு அம்புபோல் நேரான அகன்ற சாலை. மேட்டின் சரிவு செங்குத்தாக அமைந்துவிட்டதால், கீழிருந்து வருகிறவரின் பார்வையிலிருந்து மாளிகை பாதி மறைந்துபோகிறது என்று லட்யன்ஸ் மனம் புழுங்கினார். அதன் பொருட்டு இரு நண்பர்களும் ஆண்டுக்கணக்கில் பிணங்கிக் கிடந்தார்கள். மனிதனின் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்பதற்காக அத்தனை வழக்காடியவர்கள், அந்த மனிதனுக்கு வயிறும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்திருக்கலாம். அணிவகுப்புக்கென்று போட்ட சாலையில் குடும்பங்கள் உலாவும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். மாளிகைகளிலும் பங்களாக்களிலும் வாழ்ந்தவர்களுக்குக் குளியலறை இருந்தது. அதைத் துப்புரவு செய்கிறவர் வந்து போகப் பின்புறம் தனி வாசல் வைப்பதும் அக்கால வழக்கம். வீதியில் நடக்கின்ற பொதுமக்களுக்குத்தான் ஒன்றுமில்லை.

இது வெறும் குறைகூறல் அன்று. முன்பு ராஜபாதை என்று வழங்கிய அச்சாலை, கர்த்தவ்ய பாதை என்ற பெயரோடு 2022 செப்டம்பர் 8-ஆம் நாள் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. புதுப்பிக்க வேண்டி வந்த காரணங்களை மத்திய அரசே எடுத்துக் கூறியபோது, அங்கே பொதுக் கழிப்பறை, குடிநீர், உட்காரும் இருக்கைகள், வண்டி நிறுத்துமிடம் ஆகிய அடிப்படை வசதிகள் போதாமல் இருந்தன என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. இப்பொழுது வழிநெடுகக் கழிப்பறை வசதியோடு கூடிய கட்டடங்கள் எழும்பியுள்ளன. நாட்டின் முதன்மையான வீதிக்கு இவை வந்துசேர 91 ஆண்டுகள் ஆயின.

அந்த 91 ஆண்டுகளில் அவ்வழியே நடந்த ஆண்மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டுச் சுவர்களும் மரங்களும் சாட்சி. பெண்கள் சமாளித்த வழி வேறு. அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் விடுதியை விட்டுக் கிளம்புமுன் அரைக் குவளைக் காப்பி. அதன்பின் மாலை திரும்பும்வரை நாக்கை நனைப்பதோடு சரி. கணவரும் பிள்ளைகளும் பனிக்கூழ் தின்னும்போது, தமக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு சாக்கு. டில்லியின் கோடையில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெப்பத்தில் நீரின்றி நடப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் நீர் குறைவாகப் பருகுவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் நிலை இன்னும் பரிதாபம். குதுப் மினாரை அண்ணாந்து பார்க்கும்போதும் அவர்கள் மனம் அதிலா இருக்கும்?

பொது இடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு கழிப்பறை வசதி செய்து தரலாம் என்பதை உலகறியக் காட்டியவர் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1851-இல் இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், ஆளுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு அவர் அமைத்த கழிப்பறைகளை 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். இந்தியாவில் இவ்வேலை பரவலாக நடக்க இன்னும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதைச் செய்தவர் பீகார் மாநிலத்தில் வைசாலிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் 1943-இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பிந்தேஷ்வர் பாடக். சிறுவனாக இருந்தபோது, மலம் அள்ளும் தொழிலைச் செய்த பெண் ஒருவரை விளையாட்டாகத் தொட்டுவிட்டார். வீட்டில் பூகம்பம்! தீட்டுக் கழிய வேண்டும் என்று பாட்டி அவரைச் சாணத்தையும் கோமியத்தையும் விழுங்க வைத்தாராம். இதைப் பாடக் அவர்களே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1970-இல் அவர் சுலப் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படும் இரட்டைக் குழிக் கழிப்பறையே அவர் பரப்பிய முறை. ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டால், மூடி வைத்த குழியில் உள்ளது இரண்டு ஆண்டுகளுக்குள் உலர்ந்து எருவாகிவிடும். எந்த மனிதரும் கையால் அள்ள வேண்டியதில்லை.

1974-இல் பாட்னா நகரில் சுலப் தன் முதல் கட்டணக் கழிப்பறையைத் திறந்தது. பீகாரில் இதற்கெல்லாம் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. மக்கள் வந்தார்கள், சுத்தமாக இருந்தால் கொடுப்பார்கள் என்பது நிலைநாட்டப்பட்டது. இன்று டில்லியில் நீங்கள் காணும் பல பொதுக் கழிப்பறைகள் இந்த நிறுவனத்தின் பராமரிப்பில் உள்ளவையே. 1991-இல் பாடக் பத்மபூஷண் விருது பெற்றார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயரால் வழங்கப்படும் சுற்றுச்சூழல் பரிசு 1992-இல் அவரைத் தேடி வந்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை அவர் சந்தித்ததும் அதையொட்டியே. 2023 ஆகஸ்ட் 15-ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, அவர் காலமானார்.

டில்லி மகாவீர் என்கிளேவ் பகுதியில் 1992-இல் அவர் நிறுவிய கழிப்பறை அருங்காட்சியகம் இருக்கிறது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிம்மாசனக் கழிப்பிருக்கையின் மாதிரியைக் காணக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். செங்கோட்டையை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

ஆயினும் கட்டணக் கழிப்பறையில் ஓர் அநீதி ஒட்டிக்கொண்டு வந்தது. நம் நாட்டின் பல நகரங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை. பெண்களிடம் மட்டும் வாங்குகிறார்கள். கதவுள்ள அறை, தண்ணீர்ச் செலவு என்று சமாதானம் சொல்வார்கள். கதவு வேண்டும் என்பது பெண்ணின் குற்றமா? மும்பையில் 2011-ஆம் ஆண்டு பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்து இயக்கமே நடத்தின. வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் பணியாளரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை; நாள் முழுதும் அந்த நெடியில் இருப்பவர் அவர்தாம். கட்டணத்தை விதித்தவர்கள் வேறிடத்தில், மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு வரி உண்டு. கண்காணிப்பாளரின்றி, காற்றும் வெளிச்சமும் தாமாகப் புகும்படி வடிவமைத்த ‘நம்ம டாய்லெட்’ என்னும் கழிப்பறைகளை 2010-களின் தொடக்கத்தில் தமிழக அரசு முதலில் நிறுவிப் பார்த்தது தாம்பரத்தில்தான். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரமும் அதனுள் வந்துவிட்டது. ஆகவே டில்லியைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியை, பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் விடியற்காலையிலேயே கடை விரிக்கும் பெண்களின் சார்பில் நம் மாநகராட்சியிடமும் கேட்கலாம்.

இனி, பயணம் போகிறவர்களுக்கு உதவியாகச் சில செய்திகள். இந்தி அறியாத நம்மவர்களுக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். ஷௌசாலய் என்றால் கழிப்பறை. ஜன் சுவிதா என்று பலகை தொங்கினாலும் அதுவே. ஜனங்களுக்கான வசதி என்று பொருள். மஹிளா என்பது பெண்களுக்கு. புருஷ் என்பது ஆண்களுக்கு. நம் வீட்டுப் புருஷனை நினைத்துக்கொண்டால் மறக்காது.

செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் சமாதி போன்ற இடங்களில் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனபின் கழிப்பறை உண்டு. தேவை இருக்கிறதோ இல்லையோ, வெளியேறுமுன் எல்லோரையும் ஒருமுறை அனுப்பிவிடுவது உத்தமம். வெளியே வந்தபின் அடுத்தது எங்கே என்பது நிச்சயமில்லை. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் பெரும்பாலான நிலையங்களிலும் கழிப்பறை உண்டு. ஆதலால் மெட்ரோவை ஒட்டியே பார்வையிடங்களை வரிசைப்படுத்திக்கொள்வது பெண்களுக்கு நலம். கைப்பேசி வரைபடமும் அருகிலுள்ள பொதுக் கழிப்பறையைக் காட்டும். அது பூட்டிக் கிடக்கிறதா என்பதைச் சொல்லாது.

தெற்கு டில்லியில் 2017 ஏப்ரல் முதல், உணவு விடுதிகளின் கழிப்பறைகளைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம், 5 ரூபாய் வரை கட்டணம் வாங்கலாம் என்று அப்போதைய மாநகராட்சி அறிவித்தது. விடுதிக்காரர் முகம் கோணினாலும் பணிவாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஞாயிற்றுக்கிழமை டில்லியில் இருந்தால், ஹென்றி மெட் என்பவர் வரைந்த திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி காணலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் சீக்கியரின் பங்களா சாகிப் குருத்துவாரா. தலையை மூடிக்கொண்டு, காலணி கழற்றி, எம்மதத்தவரும் நுழையலாம். உணவு, குடிநீர், கழிப்பறை எல்லாம் அங்கே உண்டு, காசு கேட்பாரில்லை. திருப்பலிக்குப்பின் பிள்ளைகளோடு அங்கே பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டுப் புறப்பட்டால் அரைநாள் கவலை தீர்ந்தது.

சாணக்கியபுரியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கும்போது, 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி ரயில்வே அதிகாரிக்கு எழுதிய முறையீட்டைப் பற்றிக் கேளுங்கள். பலாப்பழம் மிகுதியாக உண்ட அவர், வண்டி நின்ற இடத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். கார்டு ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, மேடையில் ஆணும் பெண்ணும் பார்க்க விழுந்து, வண்டியையும் தவறவிட்டார். தாழ்ந்த வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமே காரணம் என்று சொல்லப்படுகிறது. சிரிக்க வைக்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயினும், அவர் மானத்தை விட்டு எழுதியிருக்கிறார்.

கைப்பையில் ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறையும் சிறு சோப்புத் துண்டும், வயதுக்கு வந்த பெண்களுக்கான துணிகளும் தனியே இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தலை அம்மாவின் கையிலேயே கொடுத்து, அவர் குடிக்கிறாரா என்று மணிக்கொருமுறை பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டிலுள்ள மூத்த பையனிடம் ஒப்படையுங்கள்.