‘‘எப்ப சார் குணமாகும்?’’

வந்தவாசி பக்கம் தெள்ளார் தெரியுமோ? பல்லவ ராஜா மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை ஜெயித்து, ‘தெள்ளாறு எறிந்த’ என்று பட்டம் வாங்கிய ஊர். அந்த எதிரி தோற்றுப் போனான். ஆனால் மனசுக்குள் புகுந்த எதிரி, சிலபேரிடம் இருபது வருஷமானாலும் நகர மாட்டேன் என்கிறான்.

மனச்சிதைவு நோயைத்தான் சொல்கிறேன். தெள்ளாரோ தி.நகரோ, வீட்டார் கேட்பது ஒன்றுதான்: ‘‘எப்ப சார் குணமாகும்?’’ பலருக்கு மருந்து கைகொடுக்கிறது. வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். சிலருக்கு மட்டும் க்ளோசபின் வரை கொடுத்துப் பார்த்தாச்சு, காதில் கேட்கும் குரல் நின்றபாடில்லை. அப்புறம்?

டோஸை ஏற்றிக்கொண்டே போனால் குரல் நிற்கிறதோ இல்லையோ, ஆள் எச்சில் ஒழுக நாள் பூரா தூங்குவார். உடம்பு ஊதும், சர்க்கரை வரும். இங்கேதான் சில மனநல டாக்டர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். புற்றுநோய் முற்றியவருக்கு வலி தணிக்கிறோமே, அந்த வழி. குரல் இருந்துட்டுப் போகட்டும், பயம் குறைகிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா? பல்வலி என்றால் யாராவது நம்புகிறார்களா? (அதையும் பிரமை என்று தள்ளிவிடுவது நம்ம வழக்கமாச்சே!)

‘‘அப்ப கை கழுவிட்டாங்கன்னு சொல்லுங்க...’’

இல்லை சார். கை கழுவினால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் கருகிப் போனார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியையே தடை செய்துவிட்டது.

சங்கிலிக்குப் பதில் என்ன? 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’, தெருவில் திரிந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. வீடு திரும்ப முடியாதவர்களைக் காலம் பூரா வார்டிலேயே வைப்பதா என்று யோசித்து, 2015-ல் ‘ஹோம் அகெய்ன்’ ஆரம்பித்தார்கள். சாதாரணத் தெருவில் ஒரு வீடு, நாலைந்து பேர் குடித்தனம், உதவிக்கு ஆள். நோய் பாட்டுக்கு இருக்கும். சாம்பாரா ரசமா என்பது அவர்கள் இஷ்டம். (ஆபீஸ் கான்டீனில் எனக்கு அந்தச் சுதந்திரம்கூடக் கிடையாது!)

ஒரு ஜாக்கிரதை. இருபத்திரண்டு வயசில் இப்போதுதான் நோய் தெரிந்த தம்பிக்கு இந்தப் பேச்சே வேண்டாம். சீக்கிரம் ஆரம்பித்தால் தேறிவர நிறையவே வாய்ப்பு உண்டு. முதல் போன் செய்யத் தயக்கமா? 14416, டெலி மானஸ். 2022-ல் அரசு தொடங்கியது, காசு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழிலேயே பேசலாம். கூட இருந்து பார்த்துக்கொண்டு அலுத்துப்போன அண்ணன்மாரும் பேசலாம்.