கடைக்காரருக்கு எந்த ஆப்பும் ஒன்றுதான்... பங்கு வாங்கும் உங்களுக்கு?

உல்லாஸ்நகர் ஜீன்ஸ் மார்க்கெட்டில் ஒரு பேன்ட் வாங்குகிறீர்கள். கடையில் ஒட்டியிருப்பது பேடிஎம் க்யூஆர் கோடு. உங்கள் போனில் இருப்பது கூகுள் பே. ஸ்கேன் செய்கிறீர்கள், பணம் போய்ச் சேர்கிறது. எந்த ஆப் என்று கடைக்காரர் கேட்கவே மாட்டார்.

வாடிக்கையாளராக உங்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அதே ஆப் நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று யோசிக்கும்போது, இந்தக் காட்சி ஓர் எச்சரிக்கை. வேறு ஆப்புக்கு மாற இரண்டு நிமிஷம் போதும் என்றால், அந்த நிறுவனம் உங்களை எதை வைத்துப் பிடித்து வைத்திருக்கிறது?

'அகழி' என்பது என்ன?

வேலூர் கோட்டையைச் சுற்றியுள்ள அகழியைப் பார்த்திருப்பீர்கள். எதிரி சுலபமாக உள்ளே வரக் கூடாது என்பதற்காக வெட்டியது. நல்ல நிறுவனத்தைச் சுற்றியும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லி, இந்த வார்த்தையை முதலீட்டு உலகில் பிரபலமாக்கியவர் வாரன் பஃபெட். லாபம் வருகிற இடத்துக்குப் போட்டியாளர்கள் வந்தே தீருவார்கள். வந்த பிறகும் லாபம் குறையாமல் இருந்தால் அங்கே அகழி இருக்கிறது என்று பொருள்.

இதைப் புரிந்துகொள்ள உல்லாஸ்நகரைவிட நல்ல இடம் இல்லை. பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்காக, கல்யாண் அருகே இருந்த ராணுவ முகாம்களில் உருவான ஊர் இது. 1949-ல் அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி, அன்றைய கவர்னர் ஜெனரல். இங்கே தயாராகும் பொருட்களில் உள்ள 'மேட் இன் யுஎஸ்ஏ'வுக்கு 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று அர்த்தம் என ஒரு பழைய ஜோக் உண்டு. எந்த டிசைன் ஓடினாலும் பக்கத்துத் தெருவில் அதேபோல் ஒன்று தயார் என்பதுதான் அந்த ஜோக்கின் சாரம்.

டெக் நிறுவனத்திடமும் அதையே கேளுங்கள்: நாளைக்கே ஒருவர் இதை நகலெடுத்தால், அவரைத் தடுக்கப்போவது எது?

பேடிஎம்முக்கு என்ன ஆனது?

2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு பேடிஎம் வாலட் கடை கடையாகப் பரவியது. வாலட்டில் பணம் அனுப்ப, வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் பேடிஎம் இருந்தாக வேண்டும். பார்க்க அகழி மாதிரியே இருந்தது.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், மும்பையில் இருந்து இயங்கும் என்பிசிஐ, யுபிஐ-யை அறிமுகப்படுத்தியிருந்தது. யுபிஐ ஒரு பொதுச் சாலை, யார் வண்டியும் ஓடலாம். 2020 ஜனவரி முதல் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் எம்டிஆர் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அரசு சொல்லிவிட்டது. அகழி வற்றிப்போனது.

2021 நவம்பரில் பேடிஎம் 18,300 கோடி ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. ஒரு பங்கு 2,150 ரூபாய். குறைந்தது 6 பங்கு வாங்க வேண்டும், அதாவது 12,900 ரூபாய். பட்டியலான முதல் நாளிலேயே பங்கு சுமார் 27% சரிந்தது. அன்று மாலை அந்த 12,900-ன் மதிப்பு ஏறக்குறைய 9,400.

2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் புதிய டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. அடுத்த இரண்டு வர்த்தக நாளும் பங்கு தலா 20% விழுந்தது.

கதை அதோடு முடியவில்லை. கடையில் தொகையை அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸுக்கு மாத வாடகை, வியாபாரிகளுக்குக் கடன் ஏற்பாடு செய்வதற்கான கட்டணம் என்று வருமானம் வந்து, 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 122 கோடி லாபம் காட்டியது. ஆனால் ஸ்கேன் செய்கிற கோடிக்கணக்கான பேர் நேரடியாகக் கொடுத்த காசு இல்லை அது. போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து யுபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பங்கை வைத்திருக்கின்றன. கடைக்காரரிடம் கட்டணம் கேட்க அவற்றாலும் முடியாது. கூட்டம் வேறு, அகழி வேறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

*விட்டுப் போவது கஷ்டமா?* எஸ்பிஐ-யின் கோர் பேங்கிங் டிசிஎஸ்ஸின் 'பான்க்ஸ்' மென்பொருளில் ஓடுகிறது. அதை மாற்றுவது என்றால் கோடிக்கணக்கான கணக்குகளை, ஒரு பைசா தவறாமல், இடம் மாற்ற வேண்டும். கொஞ்சம் மலிவாக இன்னொன்று கிடைக்கிறது என்பதற்காக எந்த வங்கியும் அந்த ரிஸ்க்கை எடுக்காது.

*ஆள் சேரச் சேர பயன் கூடுகிறதா?* 1997-ல் தொடங்கிய நௌக்ரியில் கம்பெனிகள் இருப்பதால் வேலை தேடுபவர்கள் வருகிறார்கள். அவர்கள் இருப்பதால் கம்பெனிகள் வருகின்றன. அதைவிட அழகான தளத்தை யாரும் கட்டிவிடலாம். இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் கூட்டி வருவதுதான் பெரும்பாடு.

*அகழியின் சாவி யார் கையில்?* ரயில் டிக்கெட் ஆன்லைன் விற்பனையில் ஐஆர்சிடிசி-க்குப் போட்டியே இல்லை. ஆனால் 2021 அக்டோபர் 28-ல், வசதிக் கட்டணத்தில் பாதியைக் கொடு என்று ரயில்வே கேட்டது. மறுநாள் காலை பங்கு 25 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அன்றே உத்தரவு வாபஸ் ஆனது. அரசு கொடுத்த அகழியை அரசே ஒரு கடிதத்தில் பாதியாக்க முடியும்.

எண்களில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, விலையை ஏற்றிய ஆண்டில் வாடிக்கையாளர்கள் நின்றார்களா? இரண்டு, கேஷ்பேக்கையும் விளம்பரத்தையும் குறைத்தபோது விற்பனை என்ன ஆனது? மூன்று, போட்ட முதலுக்கான வருமானம், அதாவது ஆர்ஓசிஇ, ஒரு வருடம் இல்லை, ஏழெட்டு வருடம் நல்ல அளவில் நிற்கிறதா? ஐபிஓ என்றால் ஆவணத்தில் உள்ள 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியை விடாமல் படியுங்கள். விளம்பரம் சொல்லாததை அது சொல்லும். தொடர்ந்து நட்டத்தில் இருப்பதை பேடிஎம்மும் அங்கே எழுதித்தான் வைத்திருந்தது.

அகழி இருந்தாலும் எந்த விலைக்கும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. அகழியே இல்லாத நிறுவனத்தில் நீண்டகாலத்துக்குப் பணம் போடுவதோ இன்னும் ஆபத்து.

அடுத்த டெக் ஐபிஓ வரும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் "அப்ளை பண்ணியாச்சா?" என்று கேட்பார்கள். 'பட்டன்' தட்டுவதற்கு முன் அந்த ஆப்பை உங்கள் போனிலிருந்து ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை என்றால், உங்கள் சேமிப்பை எதை நம்பிக் கொடுக்கிறீர்கள் என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை.)