இசைத்தட்டில் எழுதிய குரல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் காணலாம். டி.ஆர்.சுந்தரம் 1930களில் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்தை இன்று நினைவூட்டி நிற்பது அவ்வளைவே. ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) முதலியவை அந்நிறுவனத்தின் படைப்புகள். திரையரங்கில் கேட்ட பாடலை மக்கள் தம் வீட்டிற்கு வாங்கிச் செல்ல அன்று வழிசெய்தது இசைத்தட்டு.

அக்காலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். அதன் மூலப்பொருள்களுள் ஒன்று, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஒலிக்கும். மேடையில் ஒரு மணிநேரம் விரியும் இராகமும் அந்த அளவிற்குள் அடங்க வேண்டும். அடங்காத பாடல் இரு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. 1902இல் கொல்கத்தாவில் பதிவுசெய்யப்பட்ட கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே சொல்வார். தட்டுகள் அச்சிடப்பட்ட ஜெர்மனியில் பாடியவர் யாரென அறிய அதுவே அடையாளம்! 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டு, ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது; எளிதில் உடையவும் இல்லை.

இன்று கைப்பேசியைத் தொட்டவுடன் பாடல் ஒலிக்கிறது. ஆயினும் 2022இல் அமெரிக்காவில், 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் மிகுதியாக விற்றன. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் படம், பாடியவர், இசையமைத்தவர், வெளியீட்டு எண் எனப் பலவும் அச்சாகியிருக்கும். இணையத்தில் பல பழம்பாடல்கள் இக்குறிப்புகளை இழந்தே உலவுகின்றன. பாடலாசிரியர் பெயரே முதலில் உதிர்கிறது என்பது தமிழுக்கு நேரும் இழப்பு.

பழைய தட்டைக் கடையில் நேரில் வாங்குவதே நன்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். கண்மட்டத்தில் பிடித்தால் வளைவு தெரியும். அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. நெடுந்தட்டிற்குரிய நுண்முள் அதற்குப் பொருந்தாது. தேர்ந்த கடைக்காரர் இதனை வாங்குபவரிடம் முதலிலேயே கேட்டறிவார். பழைய நூல்களோடு இசைத்தட்டுகளும் கிடைத்துவந்த சென்னை மூர் சந்தையின் கட்டடம் 1985இல் தீக்கிரையானது.

நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ்.ஜி.கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்காமலேயே 1933இல் இளவயதில் மறைந்தார். அவர் பாடக் கேட்டவர்களும் மறைந்துவிட்டனர். அவர் குரல் இன்றும் கேட்கக் கிடைப்பது, எவரோ உடையாமல் காத்து வைத்த அரக்குத் தட்டுகளால்தான்.