மரம் வெந்தால்தான் தாள்!

ஆபீஸ் பைலில் கோக்கப்படும் தாளும் ஒருகாலத்தில் கட்டையாக இருந்ததுதான். ஆனால் கட்டையை வெறுமனே அரைத்தால் நல்ல எழுதுதாள் வராது. அரிசியைப் போல அதையும் வேக வைத்தாக வேண்டும்.

மரம் என்பது மெல்லிய நார்களின் கட்டு. நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். நாரைச் சிதைக்காமல் இந்தப் பசையைக் கரைப்பதில்தான் கூழ் ஆலையின் சாமர்த்தியம் இருக்கிறது.

பட்டை உரித்த மரத்தைச் சிறு சிறு சில்லுகளாக வெட்டி, 'டைஜஸ்டர்' என்னும் மூடிய கொப்பரையில் கொட்டுகிறார்கள். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீர் சேர்கிறது. நீராவி அழுத்தத்தில் சுமார் 170 டிகிரி சூடு. சில மணி நேரத்தில் சில்லுகள் வெந்து பழுப்பு நிறக் கூழாகின்றன. கழுவி வெளுத்தால் காகிதத்துக்குத் தயார். காகித ஆலை ஊர்களில் காற்று திரும்பினால் வீசும் அழுகிய முட்டை வாடை இந்தக் கொப்பரைக் கந்தகத்தின் உபயம்தான்!

நூறு கிலோ உலர்ந்த மரம் போட்டால் ஐம்பது கிலோ கூழ் கிடைப்பதே அரிது. மீதி கரைந்து கருஞ்சாறாகிவிடுகிறது. அதை ஆற்றில் விட்டால் மீன் பிழைக்காது. சோடா வாங்கியே ஆலையும் பிழைக்காது. எனவே அதைச் சுண்டக் காய்ச்சி பாய்லரில் எரிக்கிறார்கள். கரைந்த மரமே எரிந்து நீராவி தருகிறது. அடியில் தங்கும் உப்பை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், பழைய சோடா நீர் திரும்பவும் கிடைத்துவிடுகிறது.

ஆலைக்குள்ளே இத்தனை சிக்கனம். காட்டிலோ கதை வேறு.

வட கன்னட மாவட்டத்தில் காளி நதிக்கரையில் உள்ள தாண்டேலியில் 1955-ல் வெஸ்ட் கோஸ்ட் காகித ஆலை அமைந்தது. அதன் முக்கியத் தீனி காட்டு மூங்கில். 1958-ல் அந்த மூங்கிலுக்கு அரசு வைத்த விலை டன்னுக்கு ஒன்றரை ரூபாய்! கூடை முடைபவர்களோ சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மூங்கில் அருகியபோது அவர்கள் முறையிட்டார்கள்.

1970-களில் மாதவ் காட்கில் இதை ஆராய்ந்தார். புதரைச் 'சுத்தம்' செய்வதாக மூங்கிலின் அடிமுட்களை வெட்டியதே வினையாயிற்று என்று தெரிந்தது. இளங்குருத்துக்கு அந்த முள்தான் வேலி. அது போனதும் மாடும் குரங்கும் குருத்தைத் தின்று தீர்த்தன.

மூங்கில் குறைந்ததும் தைல மரம், சவுக்கு, சூபாபுல் என்று விவசாயிகள் வளர்க்கும் மரங்களின் பக்கம் ஆலைகள் திரும்பின. ஆனால் தைல மரத்தின் நார் மூங்கில் நாரில் பாதி நீளம்கூட இல்லை.